நோய் வர வேண்டிய செடி

ஊசியம்மா முப்பத்தொரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பேருடைய இடது கை அவருக்குத் தெரியும். முகங்கள் அவ்வளவாகத் தெரியாது. கடைத்தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் முதலில் முழங்கை மடிப்பைத்தான் பார்ப்பார்.

"மூணு தடவை குத்தியும் நரம்பு சிக்காம, நாலாவதுல சிக்கின கேஸ்தானே?"

ஆமாம் என்று சொல்லிக்கொண்டே அவர்கள் கையைப் பின்னால் கொண்டுபோவார்கள்.

அவருடைய கணவர் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். தெருவில் எந்த வீட்டிலும் லிஃப்ட் கிடையாது. ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவை இரண்டு முறை கழற்றி மாட்டினார். நான்காம் மாதம் யாரோ ஒரு ரோஜாச் செடி கொடுத்தார்கள். கதவுகள் தப்பித்தன.

இரண்டு வருடத்தில் செடி பதினொன்றாயிற்று. வாசல் கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மண் முழுவதும் ரோஜா. பூ ஒவ்வொன்றும் சின்ன முட்டைக்கோஸ் அளவு இருக்கும். அந்த அளவுக்குக் காரணம் கவனிப்பு. இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் இலையில் கரும்புள்ளி விழும், சுற்றிலும் மஞ்சளாகும், உதிரும். மழை நின்றால் சாம்பல் பூத்ததுபோல் வேறொரு நோய் வரும். அதனால் சனிக்கிழமைதோறும் லிஃப்ட்காரர் மருந்து டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இறங்குவார். அரைமணி நேரம் வாசலில் புகைபோல நிற்கும். கைக்குட்டை இருக்கிறதே என்பது அவருடைய தைரியம்.

செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

நுரையீரல் டாக்டரின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் லிஃப்ட்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கதவு காண்டாக்ட் போயிருக்கும். பத்து நிமிஷ வேலை."

"பேசாம ஏறுங்க."

"பேசாமத்தான் ஏறினேன். அதான் நிக்கிறேன்."

டாக்டர் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முள் இருநூற்று அறுபதில் நின்றது. நானூறைத் தாண்டியிருக்க வேண்டும் என்றார். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் குழிக்குள் இழுத்த தூசியை இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மருந்து அடிப்பதை நிறுத்தாவிட்டால் அடுத்த வருடம் இந்தப் படிகளை ஏற முடியாது என்றும் சொன்னார்.

"படி எதுக்கு டாக்டர், லிஃப்ட் இருக்கே," என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவருடைய லிஃப்ட் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது.

வெளியூரில் இருந்த மகள் தொலைபேசியில் ஒரே வரியில் முடித்தாள். "எல்லாத்தையும் பிடுங்கிப் போடுங்க அப்பா, நான் பிளாஸ்டிக் பூ வாங்கி அனுப்புறேன்." அதற்குப் பிறகு அவர் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சமையலறைக் கதவைத் திறந்து மூடிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசியம்மா அதைப் பார்த்தார். செடி இல்லாமல் இவர் இருக்க மாட்டார். மருந்து இருந்தால் மூச்சு இருக்காது. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான்: மருந்து கேட்காத ரோஜா.

நர்சரிக்காரர் ஊசியம்மாவைக் கண்டதும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நோய் வராத ரோஜா வேணும்."

"எல்லாமே நோய் வராததுதாம்மா."

"அப்ப அந்த மூலையில என்ன வாடை?"

"அது மருந்து வாடை."

"நோய் வராத செடிக்கு எதுக்கு மருந்து?"

"வராம இருக்கத்தான்."

ஊசியம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். ரத்தம் எடுக்கும்போது பார்க்கிற பார்வை.

"சரி. உங்க இடத்துல நீங்க மருந்தே அடிக்காத செடி எது?"

நர்சரிக்காரருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசனை வந்தது. "குப்பைக் குழிக்குப் பின்னாடி ஒண்ணு கிடக்கு. அதை விக்கிறதில்லை. பூ சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க."

குழிக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் நின்றது. இலைகள் செருப்புத் தோல்போலக் கனமாக, எண்ணெய் தேய்த்ததுபோல மினுங்கின. ஊசியம்மா கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளியும் இல்லை.

"இதுல நாலு குச்சி வெட்டிக் கொடுங்க."

"குச்சி எதுக்கு, ஒட்டுக் கட்டித் தரேனே?"

"வேண்டாம். ஒட்டுன்னா வேர் ஒண்ணு, மேல ஒண்ணு. நாளைக்கு எது தாங்குச்சு, எது தாங்கலைன்னு யாரைக் கேக்குறது?"

வழி தெரிந்துவிட்டது. நன்றாக இருக்கிற தோட்டங்களில் தேடிப் பயனில்லை. யாரும் சீண்டாத இடத்தில் நன்றாக இருக்கிற செடி வேண்டும். அடுத்த இரண்டு வாரம் ஊசியம்மா, முன்பு ரத்த மாதிரிக் குப்பிகளைக் கொண்டுபோன தெர்மாகோல் பெட்டியில் ஈரக் காகிதம் விரித்து எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க், தண்ணீர் ஏற்றும் நிலையத்தின் சுவரோரம், பள்ளிக்கூடத்து சைக்கிள் கொட்டகை. எங்கே போனாலும் முதலில் காவலாளியைப் பார்த்து அனுமதி கேட்பார். டெஸ்டுக்கு என்று சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் வழக்குப் போட்டுப் பூட்டிய ஒரு வீடு இருந்தது. உள்ளே ரோஜா தெரிந்தது. காவலாளி கேட்டைப் பாதி திறந்தார்.

"இந்தச் செடிக்கு யாரு மருந்து அடிக்கிறது?"

"மருந்தா? ஏழு வருஷமா தண்ணியே யாரும் ஊத்தலை. அண்ணன் ஊத்தினா செடி என்னுதும்பான் தம்பி. தம்பி ஊத்தினா அண்ணன் வக்கீலைக் கூட்டிட்டு வருவான்."

"அப்ப இதுலயும் ஒரு குச்சி."

ஐந்து இடத்துக் குச்சிகள் ஐந்து தொட்டியில் வேர் பிடித்தன. எங்கிருந்து வந்தவை என்று எழுதாமல், ஒன்று முதல் ஐந்து வரை எண் மட்டும் எழுதி ஒட்டினார். பெயர் தெரிந்தால் கண் சலுகை காட்டும் என்பது அவருடைய கொள்கை. லிஃப்ட்காரருக்கு அந்தக் கொள்கை இல்லை. வழக்கு வீட்டிலிருந்து வந்த நான்காம் எண்ணை அவர் வாய்தா என்று கூப்பிட்டார்.

ஐந்தையும் தரையில் நட இடம் வேண்டும். பழைய செடிகளில் பத்தை நர்சரிக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அப்போது லிஃப்ட்காரர் உள்ளே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். தாளைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை. ஆனால் அது முந்தாநாள் தாள். வண்டி போன பிறகு வெளியே வந்தார். மஞ்சள் ரோஜா ஒன்று மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. பதினொன்றில் அதுதான் அவருக்கு உயிர்.

"இதை விட்டுட்டியே?"

"ஒண்ணு இருக்கட்டும்."

அன்று மாலை ஊசியம்மாவுக்கு அவரே டீ போட்டுக் கொடுத்தார். டேங்க்கை மட்டும் கொடுக்க மனமில்லாமல், சுவர் கழுவ உதவும் என்று கொட்டகைக்குள் வைத்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கியது. திங்கட்கிழமைதோறும் காலை ஊசியம்மா ஒவ்வொரு செடியிலும் இருபது இலையைப் பார்த்து, எத்தனையில் புள்ளி என்று நோட்டில் எழுதினார். அதே பக்கத்தில், அதே நேரத்தில், கணவரையும் டாக்டர் வாங்கி வைக்கச் சொன்ன குழாயில் ஊதச் சொல்லி எண்ணை எழுதினார். இரண்டாவது திங்கள் லிஃப்ட்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நான் என்ன, ஆறாவது செடியா?"

"ஆறாவது மஞ்சள். நீங்க ஏழாவது."

"எனக்கு எத்தனை புள்ளி?"

"வாயை மூடிட்டு இருந்தா ஒண்ணும் இல்லை. இப்ப ஊதுறதுக்கு மட்டும் திறங்க."

மருந்து இல்லாத எட்டு மாதத்தில் மூச்சு முந்நூற்று நாற்பதுக்கு ஏறியிருந்தது. மஞ்சளில் மூன்று புள்ளி இலை வந்திருந்தது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம் மகள் வீடு மாறினாள். சாமான் கட்ட ஊசியம்மா போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தார். திரும்பிய திங்கட்கிழமை நோட்டை எடுத்தார். விடாத மழை. ஒன்றாம் எண்ணில் பூஜ்யம். இரண்டில் ஆறு. மூன்றில் ஒன்று. நான்கில் ஒன்பது. ஐந்தில் நான்கு. மஞ்சளில் பூஜ்யம்.

ஊசியம்மா மறுபடி எண்ணினார். மஞ்சளில் பூஜ்யம்தான். பிறகு கணவரை ஊதச் சொன்னார். இருநூற்று எண்பத்தைந்து.

"சரியா ஊதலை. இன்னொரு தடவை."

இருநூற்று எண்பது.

பின்பக்கம் போய்ப் பார்த்தார். கொடியில் ஒரே ஒரு கைக்குட்டை காய்ந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் தானாகத் துணி துவைக்கிறவர் அல்ல.

சாப்பாட்டு மேஜையில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"எதை?"

ஊசியம்மா பேனாவின் மூடியைக் கழற்றிக் காத்திருந்தார்.

"ரெண்டு தடவை."

"எல்லாச் செடிக்குமா?"

"சேச்சே. உன் செடி ஒண்ணையும் தொடலை. உன் டெஸ்ட்டைக் கெடுப்பேனா நான்? மஞ்சளுக்கு மட்டும்தான். புள்ளி விழுந்த மூணு இலையை நானே கிள்ளிட்டேன்."

"அதுக்குத்தான் அடிக்கவே கூடாது."

"ஏன்? எனக்காகன்னு ஒண்ணே ஒண்ணை விட்டுவெச்ச. அதையும் சாகக் கொடுக்கச் சொல்றியா?"

ஊசியம்மா விளக்கினார். பரிசோதனை அறையில் தினமும் காலையில், நோய் உறுதியாக உள்ள ஒரு ரத்தத்தை முதலில் சோதிப்பார்கள். அதில் நோய் இருக்கிறது என்று முடிவு வர வேண்டும். வந்தால்தான் டெஸ்ட் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அதிலேயே நோய் இல்லை என்று வந்தால் அன்றைய முடிவு எல்லாம் குப்பை. மஞ்சள்தான் இந்தத் தோட்டத்தின் கண்ட்ரோல். அதற்கு நோய் வந்தால்தான் இந்த மழையில் நோய் இருந்தது, மற்றவை தாங்கின என்று சொல்ல முடியும்.

லிஃப்ட்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நோய் வரணும்னே அதை நிறுத்தி வெச்சியா?"

"ஆமா."

"முதல் நாள்லேருந்தா?"

"முதல் நாள்லேருந்து."

"நான் என்னமோ…" என்று ஆரம்பித்தார். டீ போட்டுக் கொடுத்த நாள் ஊசியம்மாவுக்கும் நினைவுக்கு வந்தது.

நோட்டில் அந்த மழைக்காலத்துப் பக்கங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே கோடு போட்டு, தேதி எழுதினார்.

"இன்னொரு மழைக்காலம் பார்க்கணும்."

"ஒரு வருஷமா?"

"ரெண்டு தடவை அடிச்சதுக்கு ஒரு வருஷம். கம்மிதான்."

"நான் அடிச்சதை எப்படிக் கண்டுபிடிச்ச? இலையில வெள்ளைத் திட்டா? நல்லாத் துடைச்சேனே."

"இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலை. மஞ்சள்ல பூஜ்யம் வந்ததும் நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சேன். உங்க மூச்சு அறுபது இறங்கிருச்சு. அதைப் பார்த்துத்தான்." பேனாவை மூடினார். "இன்னும் நாலு தடவை அடிச்சா ஊத வேண்டிய வேலையே இருக்காது. எழுதுற வேலையும் எனக்கு மிச்சம்."

மூன்று நாள் வீட்டில் பேச்சு குறைவாக இருந்தது. நான்காம் நாள் லிஃப்ட்காரர் டேங்க்கை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்து, பழைய கருவிப் பெட்டியைத் திறந்தார். பம்ப், நாசில், வாஷர், ஸ்பிரிங் என்று எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, தனித்தனி டப்பாவில் போட்டு வைத்தார். அதை மறுபடி பூட்ட இன்னொருவருக்கு அரைநாள் ஆகும். அவருக்குப் பத்து நிமிடம் போதும். அது இருவருக்கும் தெரியும்.

"அடுத்த மழையில மஞ்சளை யாரு எண்றது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நீ மத்ததை எண்ணு. அதை நான் எண்றேன்."

அடுத்த மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. இந்த முறை அவர் வாரம் ஒருமுறை அல்ல, தினமும் எண்ணினார். குடையைப் பிடித்துக்கொண்டு மஞ்சளின் முன் குனிந்து நிற்பார். உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்வார்.

"இன்னைக்கு அஞ்சு."

மறுநாள், "ஒம்பது."

நர்சரிக்காரர் அந்தப் பக்கமாக வந்தவர் கேட்டருகே நின்று பார்த்தார். "என்னங்க இப்படி விட்டுட்டீங்க? ஒரு தடவை அடிச்சா நிக்குமே. மருந்து நான் தரேன்."

"அதுக்கு அதுதான் வேலை," என்றார் லிஃப்ட்காரர். நர்சரிக்காரருக்குப் புரியவில்லை.

பதினான்கு. பதினெட்டு. ஒரு சனிக்கிழமை காலை அவர் கொட்டகைக்குள் போய் வெகுநேரம் இருந்தார். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. ஊசியம்மா அடுப்பைத் தணித்துவிட்டு அப்படியே நின்றார். போய்ப் பார்க்கவில்லை. மூடும் சத்தம் கேட்டது. அவர் வெறுங்கையோடு வந்து, குடையை எடுத்துக்கொண்டு எண்ணப் போனார்.

"இருபதுக்கு இருபது."

அந்த வாரக் கடைசியில் நோட்டையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "எண்றதுக்கு இலையே இல்லை. பூஜ்யம்னு போடட்டா?"

"பூஜ்யம் போட்டா நல்லா இருக்குன்னு அர்த்தமாயிடும்."

"அப்ப என்ன போடறது?"

"கோடு போடுங்க."

போட்டார். அன்று மூச்சு முந்நூற்று ஐம்பத்தைந்து.

மழைக்காலம் முடிந்து முடிவு எழுதும் நாள் வந்தது. இரண்டும் ஐந்தும் பாதி இலையை இழந்து, குச்சி குச்சியாக நின்றன, நீக்கம். ஒன்றில் கடைசிவரை பூஜ்யம். மூன்றில் இரண்டைத் தாண்டவில்லை. வாய்தா என்கிற நான்காம் எண் நடு மழையில் மொத்த இலையையும் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. அன்றே ஊசியம்மா அதற்கு எதிரே நீக்கம் என்று எழுதியிருந்தார். மஞ்சள் இரண்டு நோஞ்சான் தளிர் விட்டது. அதிலும் புள்ளி விழுந்தது.

"லேப்ல டெஸ்ட் முடிஞ்சா கண்ட்ரோலை என்ன பண்ணுவீங்க?"

"கொட்டிடுவோம்."

லிஃப்ட்காரர் தலையாட்டினார். மறுநாள் காலை கையுறை போட்டுக்கொண்டு மஞ்சளை அவரே வேரோடு எடுத்தார். ஊசியம்மா உதவிக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். எடுத்த இடம் பள்ளமாக இருந்தது.

"ஒண்ணாம் நம்பர்ல குச்சி போட்டு வெச்சிருக்கேன், அதை இங்க நடலாம்," என்றார் ஊசியம்மா.

"அது கேட்டோரமா இருக்கட்டும். மூணாம் நம்பரும் இருக்கட்டும். இங்க வாய்தாவை வைக்கலாம்."

"அது நீக்கம். மொட்டையாப் போச்சு."

"இப்ப வந்து பாரு."

ஊசியம்மா லென்ஸோடு போனார். நான்காம் எண்ணில் கீழிருந்து மேல்வரை புது இலை. மழை நிற்பதற்கு முன்பே, யாரும் ஒன்றும் செய்யாமல் வந்தது என்றார் லிஃப்ட்காரர். மொட்டையான நாளிலிருந்து நாற்பத்தொரு நாள் என்றார். மஞ்சளை எண்ணப் போகும்போது பக்கத்தில் அதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மொட்டும் வந்திருந்தது, கைவிரல் நுனி அளவில்.

"நோய் வரக் கூடாதுங்கறதுதான் டெஸ்ட்," என்றார் ஊசியம்மா.

"மருந்து கேக்கக் கூடாதுன்னு சொன்ன. அது கேக்கலையே. வந்துது, படுத்துது, எழுந்துது. நான் சும்மா குடையைப் பிடிச்சிட்டு நின்னேன்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். "ஒண்ணாம் நம்பரைப் பார்த்துட்டே இருந்தா எனக்குச் செய்ய ஒண்ணுமில்லை. இதையாவது இலை எப்ப வரும்னு பார்த்துட்டு உக்காந்திருப்பேன்."

ஊசியம்மா யோசித்தார். அவருடைய அட்டவணையில் புள்ளிக்குக் கட்டம் இருந்தது. உதிர்வதற்கு இருந்தது. திரும்ப வருவதற்குக் கட்டம் இல்லை. ஸ்கேலை எடுத்து ஓரத்தில் ஒரு கட்டம் கூட்டினார். நாற்பத்தொன்று என்று எழுதினார். பிறகு நீக்கம் என்ற சொல்லை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பரிசோதனை அறையில் சுரண்டி அழிக்க அனுமதி கிடையாது.

வெளியே லிஃப்ட்காரர் மஞ்சள் இருந்த குழியை இன்னும் ஆழமாக்கிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று முறை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். ஊசியம்மா அதை வாங்கிக்கொள்ளவில்லை. வேலை முடிந்து அவர் படியில் உட்கார்ந்ததும் குழாயை நீட்டினார். முந்நூற்று முப்பது. அதை எழுதி, தோண்டிய பிறகு எடுத்தது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார்.